மன்னன் சாகாமலிருக்கச் சில பரிந்துரைகள்

பிரவீனா தன் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இருவருமே செத்துப்போனவர்கள். ஒருவன் பழைய செய்யுள் நாடகமொன்றில் வரும் மன்னன், பரிதியன். மற்றவன் அண்மையில் திரைக்கு வந்த விண்வெளிப் படமொன்றின் கப்பல் தலைவன், டேரியன். செத்தவர்களால் யாருக்கும் தொந்தரவு வராது என்று அவள் நம்பினாள். ஜொகூர் பாருவில் இருக்கும் தென்முனைப் பல்கலைக்கழகக் கல்லூரியை அப்போது அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது.

அவள் கூலாய் ஊர்க்காரி. செனாய்ப் பக்கம் மின்சுற்றுப் பலகை செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. உருப்பெருக்கிக்குக் கீழே பச்சைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கொண்டவள். கணவன் ரூபேந்திரன் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலத்து நெரிசலில் புகையைக் குடித்துக்கொண்டே சிங்கப்பூருக்குப் போய்த் திரும்புகிறவன். இந்தப் பாட்டிலிருந்து இருவருக்கும் விடுதலை கிடைக்க ஒரு வழி தெரிந்தது. பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு தனியார்ப் பள்ளி, தமிழ் இலக்கிய ஆசிரியர் வேலையை அவளுக்கென்று பிடித்து வைத்திருந்தது. "மாஸ்டர்ஸை முடிச்சிட்டு வாங்க. வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்கோம்," என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ரூபேந்திரனும் அங்கேயே துணி ஆலையில் சேர்ந்துவிடலாம். பாலத்துக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடலாம்.

அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் முனைவர் விசுவலிங்கம். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்தவர். ஒரு காலத்தில் கல்லூரியில் நாடகத்துறை என்று ஒன்று இருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பானது போல அது தேய்ந்து தேய்ந்து, கடைசியில் அவர் ஒருவர்தான் துறை. அவருடைய வேலை ஒப்பந்தத்திலும் ஒரு நிபந்தனை இருந்தது. ஆண்டுக்கு ஒரு மாணவராவது பட்டம் பெற்று வெளியேற வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அந்த ஆண்டு அவரிடம் இருந்தது பிரவீனா மட்டும்தான்.

முதல் சனிக்கிழமையே இரண்டு கதைகளையும் அவர் மேசையில் வைத்து அலசினார்கள். பரிதியன், பருவமழைக் காலத்தில் ஏரி மதகைத் திறப்பதில்லை என்று கீழ்வயல் குடிகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன். மழை வலுக்கிறது. மதகைத் திறந்தால் வயல்கள் போகும்; சொன்ன சொல்லும் போகும். அவன் திறக்கவில்லை. கரை உடைந்து அவனுடைய நகரத்தையே வாரிக்கொண்டு போகிறது. டேரியனின் கப்பலில் காற்று குறைந்துகொண்டே வருகிறது. பத்தாயிரம் பேர் பெட்டிகளுக்குள் நீள்துயிலில் கிடக்கிறார்கள். "எத்தனை பேரைக் காப்பாற்ற முடியுமோ அத்தனை பேரைக் காப்பாற்று," என்று கணினிக்குக் கட்டளையிடுகிறான். கணினி கணக்குப் போட்டு முதலில் காற்றில்லாமல் அடைப்பது அவன் மனைவி துயிலும் பிரிவை. பிறகு, விழித்திருந்து காற்றைச் செலவழிக்கும் அவனுடைய அறையை.

"அரசன் விழேக்க ஊர் அழும், பிள்ளை," என்றார் விசுவலிங்கம். "மேடையில சனம் நிண்டு ஒப்பாரி வைக்கும். உம்மட கப்பல்காரன் விழேக்க ஆர் அழுறது?"

"யாரும் இல்ல சார். எல்லாரும் தூங்குறாங்க. கம்ப்யூட்டர் மட்டும், 'நீங்க சொன்னபடியே செஞ்சிட்டேன்'னு சொல்லும்."

"அதுதான் உம்மட ஆய்வு. போய் எழுதும்," என்றார்.

அன்று கூலாய் பேருந்தில் திரும்பும்போது பிரவீனாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பாவம், அவ்வளவு நிறைவு அதற்குப் பிறகு அவளுக்கு வாய்க்கவில்லை.

ஆய்வுத் திட்டத்தைப் புலத்தின் முன் வைக்க வேண்டும். புலத்தின் பெயர் மனிதவியல், விருந்தோம்பல் மற்றும் விமானப் பராமரிப்புப் புலம். மாணவர் எண்ணிக்கை குறைந்தபோது மூன்று புலங்களை ஒன்றாக்கிவிட்டார்கள். மூன்றுக்கும் பொதுவாக ஒரு படியெடுக்கும் இயந்திரமும் ஒரு புலத் தலைவரும் இருந்தார்கள். இயந்திரம் பழுதாகியிருந்தது. புலத் தலைவர் இணைப் பேராசிரியர் முனைவர் சதாசிவம், தங்கும் விடுதிகளில் தலையணை உறை மாற்றுவதற்கான சரியான கால இடைவெளி குறித்து முனைவர் பட்டம் வாங்கியவர். சிரித்த முகம். யாரைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொள்வார்.

"பிரவீனா, உங்க ஆய்வு ரொம்ப முக்கியமானது," என்று தொடங்கினார் சதாசிவம். "அதனாலதான் நான் இன்னும் படிக்கலை. நல்ல விஷயத்தை அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. ஒரே ஒரு கேள்வி. ராஜா செத்துப்போறாரு. சரி. இதுக்குத் தீர்வு என்ன?"

"தீர்வுன்னா, சார்?"

"ஆய்வுன்னா பிரச்சனை இருக்கணும், தீர்வு இருக்கணும். ராஜா சாகாம இருக்கிறதுக்கு உங்க பரிந்துரை என்ன?"

பிரவீனா விசுவலிங்கத்தைப் பார்த்தாள். அவர் எழுந்து, அவல நாடகம் என்பதே தீர்வில்லாத இடத்தில் மனிதன் என்ன செய்கிறான் என்பதைக் காட்டுவதுதான் என்று பொறுமையாக விளக்கினார். சதாசிவம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"அருமை. ஆனா டாக்டர், தீர்வில்லாத பிரச்சனைய இந்தக் கல்லூரி எடுக்கிறதில்லை. நம்ம முழக்கமே 'இங்கு யாரும் தோற்பதில்லை'. போன வருஷம் தோல்வியுற்றவங்களைக்கூட நாங்க 'வெற்றி தள்ளிவைக்கப்பட்டவர்'னுதான் பதிஞ்சிருக்கோம். ஒரு அத்தியாயம், 'பரிந்துரைகள்'னு போட்டுடுங்க. போதும்."

ஒரு அத்தியாயம்தானே, போகட்டும் என்று பிரவீனா நினைத்தாள். தன்னால் விசுவலிங்கத்தின் ஒப்பந்தம் கெட்டுவிடக் கூடாது. அவள் பட்டத்துக்காக அவரும் அதையே நினைத்தார். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்து நெறிமுறை அனுமதி. ஆய்வு அலுவலகத்தில் விஜிதா என்ற பெண் இருந்தாள். நல்லவள், பிரவீனாவை அக்கா என்று கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஆனால் அவள் கணினி முன் உட்கார்ந்தால் அவளுக்கும் அதற்கும் நடுவே வேறு யாரும் நுழைய முடியாது.

"பங்கேற்பாளர் ரெண்டு பேர். மொதல்ல பரிதியன். அவரு மனுஷரா, அக்கா?"

"அவரு நாடகத்துல வர்ற ஆளு, விஜிதா. கற்பனை."

விஜிதா திரையில் தேடினாள். "கற்பனைன்னு இதுல இல்லக்கா. மனிதர், விலங்கு, இயந்திரம். மூணுதான் இருக்கு."

"சரி, மனிதர்."

"உயிரோட இருக்காரா?"

"இல்ல. கடைசிக் காட்சியில இறந்துடுவாரு."

"அப்ப வாரிசோட சம்மதம் வேணும். அடுத்தவரு டேரியன். எந்த வருஷம் பொறந்தாரு?"

"கதை இன்னும் நூறு வருஷம் கழிச்சு நடக்குது."

விஜிதா கொஞ்சம் யோசித்தாள். "அப்படின்னா அவரு இன்னும் பொறக்கலை. பொறக்கலைன்னா பதினெட்டு வயசுக்குக் கீழதான். அப்பா அம்மா கையெழுத்து போடணும். இல்லன்னா சிஸ்டம் விடாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கப்பல்ல வேற யாரும் இருக்காங்களா?" என்றாள்.

"பத்தாயிரம் பேர் தூங்குறாங்க."

விஜிதாவின் விரல்கள் தட்டச்சுப் பலகைக்கு மேலே அப்படியே நின்றன. "அலமாக். அவங்களைப் பத்தி எழுதாதீங்கக்கா. ஒவ்வொருத்தருக்கும் சம்மதம் வாங்கணும். நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக வேணாமா?"

அப்படித்தான் பத்தாயிரம் பேர் ஆய்விலிருந்து இறங்கிப் போனார்கள்.

மன்னனின் வாரிசாக விசுவலிங்கம் கையெழுத்திட்டார். "எங்கட பரம்பரையில ஒரு ராசா இருந்தவர் எண்டு அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பா," என்றார். டேரியனின் தாயாராகப் பிரவீனா கையெழுத்திட்டாள். வீட்டுக்கு வந்து ரூபேந்திரனிடம் சொன்னாள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே, "எனக்குத் தெரியாம எப்ப லா?" என்றான். "என்ன வேலை பாக்குறான்?"

"கப்பல்ல கேப்டன்."

"பரவால்லையே. நம்மள மாதிரி ஜாம்ல நிக்க வேண்டியதில்ல."

"செத்துப்போயிடுவான்," என்றாள் பிரவீனா. வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் வேறு மாதிரி வந்தது. ரூபேந்திரன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளுக்கும் சேர்த்துத் தேநீர் கலக்கப் போனான்.

ஆய்வு மளமளவென்று வளர்ந்தது. தொழிற்சாலையில் ஓய்வு நேரத்தில் எழுதினாள், பேருந்தில் எழுதினாள். மன்னனையும் தலைவனையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச வைத்தது போலிருந்தது. இருவரும் நல்லவர்கள். நல்லவர்களாக இருந்ததாலேயே கெட்டார்கள். ஒருவன் சொன்ன சொல்லை மீற முடியாமல் கெட்டான்; மற்றவன் சொன்ன சொல் சொன்னபடியே நடந்ததால் கெட்டான். அதைப் படித்துவிட்டு விசுவலிங்கம் ஓரத்தில் ஒன்றும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் ஒன்றும் எழுதாவிட்டால் நன்றாயிருக்கிறது என்று பொருள்.

அரையாண்டு முடிவில் கல்லூரியிலிருந்து ஒரு வழக்கமான கேள்வி வந்தது. ஆய்வின்போது பங்கேற்பாளருக்குத் தீங்கு ஏதும் நேர்ந்ததா? பிரவீனாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தரக் கட்டுப்பாட்டுக்காரி வேறு. பழுது இருந்தால் பழுது என்று எழுதித்தான் பழக்கம். "இருவரும் இறந்துவிட்டனர்," என்று பதில் அனுப்பினாள்.

மறுநாளே ஆய்வு நிறுத்திவைக்கப்பட்டது. பங்கேற்பாளர் இருவரும் ஆய்வுக் காலத்தில் மரணமடைந்ததால் பாதுகாப்புக் குழு விசாரிக்கும் என்று விஜிதா தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள். "இந்தக் கல்லூரியில இதுவரைக்கும் ஒரு எலிகூட செத்ததில்லக்கா. ஏங்கக்கா அப்படிப் போட்டீங்க?"

விசாரணைக்குத் தலைவர் திருச்செல்வம். விமானப் பராமரிப்பு விரிவுரையாளர். பல காலம் விமானக் கொட்டகையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பக்கத்தில் சதாசிவம். எதிரே பிரவீனாவும் விசுவலிங்கமும். மேசை நடுவில் விருந்தோம்பல் மாணவர்கள் சுட்ட கறிபாவ் பலகாரம். அதை யாரும் தொடவில்லை.

"நான் படத்தை முழுசா பாத்தேன்," என்றார் திருச்செல்வம். "அந்தக் காத்துக் குழாய்ல இருக்கிற அடைப்பிதழ, அந்த வால்வ, கடைசியா எப்ப செக் பண்ணாங்க?"

"படத்துல அதைக் காட்டல சார்."

"காட்டலைன்னா செய்யலைன்னுதான் அர்த்தம். மாற்றுக் குழாய் இருந்துச்சா? இல்ல. ராஜாவோட ஏரியை எடுத்துக்குங்க. உபரித் தண்ணி போக வழி வச்சிருந்தாங்களா? அதுவும் இல்ல. ரெண்டு பேரும் விதியால சாகல, அம்மா. மெயின்டனன்ஸ் பண்ணாததால செத்தாங்க."

"சார், அது தற்செயலா நடந்ததில்ல," என்றாள் பிரவீனா. "மதகைத் திறக்கலாம்னு அமைச்சர் சொல்றாரு. திறந்தா அரசன் தப்பிச்சிடுவான். ஆனா அவன் வார்த்தைய நம்பி வெதச்சவங்க இருக்காங்க. அவன் தெரிஞ்சேதான் நிக்கிறான்."

"தெரிஞ்சே நின்னாரா?" சதாசிவம் நிமிர்ந்தார். "அப்ப இது இன்னும் மோசம். நம்ம பங்கேற்பாளர் ஒருத்தர், நம்ம மேற்பார்வையில, தெரிஞ்சே ஆபத்துல நின்னிருக்காரு. அவரோட வாரிசே இங்க உக்காந்திருக்காரு."

விசுவலிங்கம் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்து, நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், டாக்டர்," என்று சதாசிவம் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கும் இலக்கியம் புடிக்கும். சின்ன வயசுல நானும் நாடகம் பாத்து அழுதிருக்கேன். அழுதுக்கிட்டே இருந்திருந்தா இன்னைக்கு நான் டீனா வந்திருப்பேனா? அதைத்தான் மாணவர்களுக்குச் சொல்லணும். இந்த ரெண்டு மரணத்தையும் எடுத்துட்டீங்கன்னா விசாரணை தானா முடிஞ்சிடும். செத்தாத்தானே விசாரணை?"

"மரணத்தை எடுத்தால் கதையே இல்லையே," என்றார் விசுவலிங்கம்.

"இருக்கு டாக்டர். ராஜா ஓய்வு பெறலாம்."

விசுவலிங்கம் மறுக்கப் போகிறார் என்று பிரவீனா எதிர்பார்த்தாள். மறுத்தால் அவள் பட்டம் இந்த ஆண்டு இல்லை. பத்து பாகாட் இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் மறுத்தால் அவருக்கு வேலை இல்லை.

"செய்யலாம் சார்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வெளியே வந்தபோது திருச்செல்வம் பின்னாலேயே வந்து பிரவீனாவை ஓரமாக அழைத்தார். "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த மனுஷன் சம்சாரத்தோட கதவை அடைக்கிற எடத்துல எனக்கு மூச்சே நின்னுபோச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல. ஆனா அறிக்கையில அதை எந்த எடத்துல எழுதுறது, சொல்லுங்க?"

அவளுக்கும் தெரியவில்லை. வருத்தப்பட்டவரை ஆறுதல் சொல்லி அனுப்பி வைத்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் வெட்டுக்கிளி மேய்ந்த வயல் மாதிரிதான். 'அவலநாயகன்' என்ற சொல் சோர்வு தருகிறது என்று எடுத்தார்கள். 'வீழ்ச்சி' என்பதை 'இறங்குமுக வளர்ச்சி' ஆக்கினார்கள். ஒப்பாரிப் பகுதியை 'பங்குதாரர்களின் பின்னூட்டம்' என்ற தலைப்பின் கீழ் கொண்டுபோனார்கள். டேரியன் உரிய காலத்தில் அடைப்பிதழை மாற்றி, மனைவியோடு சேமமாகத் தரையிறங்கினான். பரிதியன் உபரி நீர்க் கால்வாய் வெட்டிவிட்டு ஓய்வு பெற்றான். பரிந்துரை அத்தியாயம் மட்டும் பாதி ஆய்வை விழுங்கி உட்கார்ந்தது. கடைசியில் தலைப்பும் மாறியது: 'நெருக்கடிக்காலத் தலைமைத்துவம்: நீர்ப்பாசனத் துறையும் விண்வெளித் துறையும், ஓர் ஒப்பீடு.'

ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிரவீனா விசுவலிங்கத்தின் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கினாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போடாமலே கையெழுத்திட்டார். "கண்ணாடி வேணாமா சார்?" என்று ஒருமுறை கேட்டாள். "இப்பிடியே நல்லம், பிள்ளை," என்றார்.

அவள் தேறினாள். சிறப்புத் தகுதியோடு தேறினாள். வீட்டில் ரூபேந்திரன் ரொட்டிச் சானாய் வாங்கி வந்து கொண்டாடினான்.

அதற்கு அடுத்த வாரம் விஜிதா தொலைபேசியில் கூப்பிட்டாள். விசுவலிங்கத்துக்குப் பாராட்டு விழா என்றாள். பிரவீனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒப்பந்தம் புதுப்பிச்சிட்டாங்களா?" என்றாள்.

"இல்லக்கா. முடிச்சிட்டாங்க. அதுக்குத்தான் விழா."

விழா மண்டபத்தில் பலூன்கள் கட்டியிருந்தார்கள். சதாசிவம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நம்முடைய விசுவலிங்கம் அவர்கள் தமது ஒரே மாணவியை வெற்றிகரமாகப் பட்டதாரியாக்கிவிட்டார். ஒப்பந்தம் என்ன கேட்டதோ அதை முழுமையாக நிறைவேற்றிவிட்டார். இப்போது அவரிடம் மாணவர் யாரும் இல்லை. மாணவர் இல்லாத ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அவரை அவமதிப்பதாகும். நாங்கள் அவரை அவமதிக்க விரும்பவில்லை. அந்தப் பெண் தேறாமல் போயிருந்தால், ஒழுங்குமுறைப்படி அவருக்கு இன்னும் ஓராண்டு அவகாசம் கொடுத்திருப்போம். அந்தச் சங்கடத்தை அவர் எங்களுக்கு வைக்கவில்லை. இந்தக் கல்லூரி இதுவரை யாரையும் வேலையை விட்டு நீக்கியதில்லை. அவர்களே சாதித்து முடித்துவிடுகிறார்கள்."

கைதட்டல் எழுந்தது. தேறாமல் போயிருந்தால் என்ற இடத்திலேயே பிரவீனாவின் மனம் நின்றுவிட்டது. அந்த ஒழுங்குமுறையை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. முன்வரிசையில் விசுவலிங்கம் மாலையோடு உட்கார்ந்திருந்தார். தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார், யாரோ சரியான விடை சொன்னது போல.

முன்னாள் மாணவி என்ற முறையில் அவளைப் பேச அழைத்தார்கள். நெருக்கடியில் தலைமை என்பது தலைப்பு. பேசி முடித்ததும் மேடையிலேயே பட்டச் சான்றிதழ் கொடுப்பார்களாம். எழுதி வைத்திருந்ததை அவள் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

"நான் அந்த அரசனோட கடைசிக் காட்சிய மட்டும் சொல்றேன்," என்றாள். "கரை ஒடஞ்சிடுச்சி. அரண்மனை போயிடுச்சி. ஊர் பாதி தண்ணியில. அரசன் ஒடப்புக்குப் பக்கத்துல தனியா நிக்கிறான். மண்வெட்டி இல்ல, கூடை இல்ல. தலையில இருந்த கிரீடத்தைக் கழட்டுறான். குனிஞ்சு அதுல மண்ணை அள்ளி ஒடப்புல கொட்டுறான். மறுபடியும் அள்றான். ஒடப்பு அடையாதுன்னு அவனுக்குத் தெரியும். பாத்துக்கிட்டிருக்கிற சனங்களுக்கும் தெரியும். யாரும் அவனைத் தடுக்கல. அவன் காலுக்குக் கீழ கரை நழுவுற வரைக்கும் அள்ளிக்கிட்டே இருக்கான். அவன் ஓய்வு பெறல. செத்துட்டான்."

தட்டு ஏந்தி நின்ற விருந்தோம்பல் மாணவர்கள் அசையவில்லை. திருச்செல்வம் கைக்குட்டையை எடுத்தார். ஒரு நொடி, பிரவீனாவுக்கு எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுவிட்டது போலிருந்தது.

சதாசிவம் ஒலிவாங்கியை மென்மையாக அவள் கையிலிருந்து வாங்கினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"பாருங்கள்," என்றார். "கிரீடத்தாலேயே மண் அள்ளினார். பல்திறன். இருக்கிற வளத்தை வைத்து வேலை முடிப்பது. இன்றைய வேலைச் சந்தை கேட்பது இதைத்தான். விசுவலிங்கம் அவர்கள் நாளை வேலை தேடும்போது இந்த மன்னரை நினைத்துக்கொள்ள வேண்டும்."

முன்னதைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். சான்றிதழைக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். பிரவீனா சிரித்தாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

விசுவலிங்கம் அவளைத் தம் காரில் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். பின்னிருக்கையில் மாலையும், மீந்த கேக்கைப் போட்டுக் கொடுத்த பெட்டியும் இருந்தன. காரில் ஏறியதும் அவள், "என்னாலதான் சார். நான் பெயில் ஆகியிருக்கணும்," என்றாள்.

"விசர்க் கதை கதையாதையும். பத்து பாகாட்டுக்கு எப்ப போறீர்? அதைச் சொல்லும்."

அவள் வெளியே பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். "வேற ஆள் எடுத்துட்டாங்க சார். தலைப்பைப் பாத்துட்டு, இது மேனேஜ்மென்ட் டிகிரி ஆச்சேன்னு கேட்டாங்க. இலக்கியம் படிச்சவங்கதான் வேணுமாம்."

விசுவலிங்கம் சாவியைத் திருகிய கையை அப்படியே வைத்திருந்தார். அந்தத் தலைப்புக்குக் கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. பிறகு வண்டியை நகர்த்தினார்.

வாசலில் தடுப்புக் கட்டை எழவில்லை. அவர் ஊழியர் அட்டையை மறுபடி மறுபடி காட்டினார். காவலர் அய்யாவு குடையோடு ஓடிவந்தார்; மழை தூறத் தொடங்கியிருந்தது.

"சார், உங்க கார்டு மத்தியானத்தோட செத்துப்போச்சு. ஊழியர் இல்லாதவங்க காரு உள்ள வர முடியாது."

"நான் உள்ளே வரேல்லை, அய்யாவு. வெளியில போறன்."

"வெளிய போறதுக்கும் அதே கார்டுதான் சார். நான் என்ன செய்யட்டும்? டீனைக் கேட்டேன், திங்கக்கிழமை ஆபீஸ்ல புது பாஸ் எடுத்துக்கச் சொல்றாரு. ஆளு நடந்து போறதுக்குத் தடை இல்ல."

பின்னால் கார்கள் சேர்ந்து ஆரன் அடிக்கத் தொடங்கின. விசுவலிங்கம் பின்னுக்கு எடுத்து, அவருக்கு இனி உரிமையில்லாத நிறுத்துமிடத்திலேயே காரை விட்டார். மாலையைக் காரிலேயே போட்டுவிட்டு, கேக் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். இருவரும் கட்டைக்குப் பக்கத்து இடைவெளி வழியாக நடந்து வெளியே வந்தார்கள்.

கூலாய் பேருந்து ஸ்கூடாய் வழியாகத்தான் போகும். அவர் வீடும் ஸ்கூடாய்தான். பல காலமாகப் பேருந்தில் ஏறாதவர், கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறினார். பிரவீனா அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். இறங்கும் இடம் வந்ததும் கேக் பெட்டியை அவள் மடியில் வைத்து, "ரூபேந்திரனுக்குக் குடும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மழை வலுத்திருந்தது. நிறுத்தத்தில் நின்று அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பது சன்னல் வழியே தெரிந்தது. எத்தனையோ ஆண்டுகள் காரிலேயே வந்துபோன இடம். நடந்து வருகிறவனுக்கு அது வேறு ஊராகிவிட்டது போலும். திருத்தங்களோடு அந்த வீட்டுக்கு அத்தனை முறை போய் வந்தவள் அவள். சந்தையை ஒட்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலப்பக்கம் திரும்பினார். பேருந்து கிளம்பிவிட்டது. பிரவீனா சன்னல் கண்ணாடியைத் தட்டினாள். கையை வீசி வீசி இடப்பக்கம் காட்டினாள். சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். விடை கொடுக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். மலர்ந்த முகத்தோடு கையை உயர்த்தி ஆட்டிவிட்டு, அந்த மழையில் தவறான திசையில் வேகமாக நடக்கத் தொடங்கினார்.